மனதில் இருந்ததைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? அன்றாட உளவியலும் சட்டத் தத்துவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படிக்கிறவர்கள், தத்துவம் படிக்கிறவர்கள், வழக்குச் செய்தியைப் பார்த்துவிட்டு ‘அவர் மனசுல என்ன இருந்ததுன்னு நீதிபதிக்கு எப்படித் தெரியும்?’ என்று யோசிக்கிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும்.

அன்றாட உளவியல் என்று எதைச் சொல்கிறோம்?

ஒருவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று சொல்ல நாம் எல்லோரும் கையாளும் பேச்சுதான் அது. நம்பினார், ஆசைப்பட்டார், தெரிந்தே செய்தார், மறந்துவிட்டார், பயத்தில் ஓடினார், கை தவறிவிட்டது, மனம் மாறிவிட்டது. இதை யாரும் பாடம் வைத்துக் கற்பதில்லை. ‘நான் வேணும்னு பண்ணல’ என்று சின்னக் குழந்தைகூட வாதாடும். அந்த வாதத்துக்கு என்ன எடை என்று கேட்கிற பெரியவருக்கும் உடனே விளங்கும்.

இந்தப் பேச்சுக்கு ஓர் அமைப்பு உண்டு. ஒருவர் குடையோடு வெளியே கிளம்பினால், மழை வரும் என்று நினைத்தார், நனைய விரும்பவில்லை என்று ஒரு நம்பிக்கையையும் ஒரு விருப்பத்தையும் சேர்த்து விளக்குகிறோம். இப்படிச் சொல்லும் காரணம் செயலை நியாயப்படுத்துவதோடு நிற்பதில்லை, செயலை உண்டாக்கியதும் அதுவே என்று தத்துவவாதி டொனால்டு டேவிட்சன் 1963-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். மனிதச் செயலைப் பற்றிப் பேசும் சட்டத் தத்துவவாதிகள் பலர் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சட்டத்துக்கு இது எதற்கு? செய்ததை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. கூட்டம் முடிந்து கலையும்போது ஒருவர் வேறொருவருடைய பையை எடுத்துக்கொண்டு போகிறார். தன்னுடையது என்று நினைத்து எடுத்திருந்தால் அது வெறும் தவறுதல். அடுத்தவருடையது என்று தெரிந்து, திருப்பித் தரும் எண்ணம் இல்லாமல் எடுத்திருந்தால் திருட்டு. உரியவரைத் தேடிக் கொடுக்க எடுத்திருந்தால் உதவி. கேமராவில் மூன்றும் ஒரே மாதிரிதான் பதிவாகும்.

குற்ற மனம் இல்லாமல் செயல் மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்காது என்ற பழைய லத்தீன் கோட்பாடு சொல்வது இதைத்தான். அமெரிக்கச் சட்ட நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த மாதிரித் தண்டனைச் சட்டம் குற்ற மனத்தை நான்கு படிகளாகப் பிரித்தது: அந்த விளைவையே நோக்கமாகக் கொண்டு செய்வது, அது நடக்கும் என்று தெரிந்தே செய்வது, ஆபத்து புரிந்தும் துணிந்து செய்வது, புரிந்துகொண்டிருக்க வேண்டிய ஆபத்தைக் கவனிக்காமல் விடுவது. நான்குமே அன்றாடப் பேச்சிலிருந்து எடுத்துக் கூர்தீட்டியவை. வேக வரம்பை மீறுவது போன்ற சில குற்றங்களில் பல நாடுகள் மனநிலையைப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்காமல் தண்டிக்கலாமா என்று இத்தனை காலமாகச் சர்ச்சை நடப்பதே, மனநிலையைப் பார்ப்பதுதான் இயல்பு என்று நாம் எடுத்துக்கொண்டிருப்பதைக் காட்டுகிறது.

அடுத்தவர் மனதில் இருந்தது நீதிமன்றத்துக்கு எப்படித் தெரியும்?

மனிதனின் எண்ணத்தை விசாரிக்க முடியாது, சாத்தானுக்குக்கூட அது தெரியாது என்று 15-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதிகளில் ஒருவரான பிரையன் சொன்னார். இதற்கு நேர் எதிரான பதில் 1885-இல் எட்ஜிங்டன் வழக்கில் வந்தது. தொழிலை விரிவாக்கப் போகிறோம் என்று சொல்லிப் பொதுமக்களிடம் கடன் திரட்டிய ஒரு நிறுவனத்தின் இயக்குநர்கள், உண்மையில் நெருக்கிக்கொண்டிருந்த பழைய கடன்களை அடைக்கவே அந்தப் பணத்தைத் தேடினார்கள். எங்கள் எண்ணத்தைப் பற்றிச் சொன்னதுதானே, அது எப்படிப் பொய்யாகும் என்பது போன்ற வாதத்துக்கு நீதிபதி போவன், ஒருவரின் ஜீரணம் எந்த நிலையில் இருக்கிறது என்பது எப்படி ஓர் உண்மையோ, அதேபோல அவர் மனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் ஓர் உண்மைதான் என்றார். நிரூபிப்பது கடினம் என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

நிரூபிப்பது எப்படி என்றால், நாம் வீட்டில் செய்வது போலத்தான். முன்னால் என்ன சொன்னார், எதைத் தயார் செய்துகொண்டார், பிறகு எதை மறைத்தார், எதற்குப் பதறினார் என்று பார்த்து, இப்படியெல்லாம் நடந்துகொள்பவர் மனதில் என்ன இருந்திருக்கும் என்று முடிவுக்கு வருவது. ஒப்பந்தச் சட்டம் இன்னும் ஒரு படி விலகி நிற்கும். 1871-இல் ஸ்மித்துக்கும் ஹியூஸுக்கும் ஓட்ஸ் தானியம் வாங்கியதில் வந்த வழக்கில், வாங்கியவர் பழைய ஓட்ஸ் என்று நினைத்தார், வந்தது புதிய ஓட்ஸ். ஒருவர் மனதுக்குள் நினைத்தது எதுவாக இருந்தாலும், ஒப்புக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு நியாயமாக நம்பும்படி நடந்துகொண்டால் அதற்குக் கட்டுப்பட்டவர்தான் என்று நீதிபதி பிளாக்பர்ன் அங்கே விளக்கினார். மனம் முக்கியம்தான், ஆனால் அடுத்தவரால் படிக்க முடிந்த அளவுக்கு மட்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டம்.

‘வேண்டுமென்றே’ என்று நாம் சொல்வதும் சட்டம் சொல்லும் உட்கருத்தும் ஒன்றுதானா?

பெரும்பாலும் ஒன்றாகப் போகும், ஓரத்தில் பிரியும். முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். ஏன் செய்தார் என்பது உள்நோக்கம். எதைச் செய்ய முனைந்தார் என்பது உட்கருத்து. வலியில் துடிப்பவர் மேல் இரக்கப்பட்டு அவர் உயிரை எடுத்தவருக்கு உள்நோக்கம் இரக்கம், உட்கருத்து கொல்வது. பல நாட்டுச் சட்டங்கள் குற்றமா இல்லையா என்பதை உட்கருத்தை வைத்தே தீர்மானிக்கும். உள்நோக்கம் தண்டனையின் அளவைப் பேசும்போதுதான் உள்ளே வரும். நியாயமா என்று கேட்டால், எனக்கு முழு திருப்தி கிடையாது. அன்றாட வாழ்வில் ஒருவரை எடைபோடும்போது நாம் முதலில் கேட்பது உள்நோக்கத்தைத்தான்.

பிரிகிற இடத்துக்கு வருவோம். 1998-இல் இங்கிலாந்தின் உச்ச நீதி அமைப்பாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை வுல்லின் வழக்கைத் தீர்த்தது. ஒரு தகப்பன் ஆத்திரத்தில் தன் மூன்று மாதக் குழந்தையைத் தூக்கி எறிய, மண்டை உடைந்து குழந்தை இறந்தது. கொல்ல நினைக்கவில்லை என்றார் அவர். சாவோ கடுமையான காயமோ நடந்தே தீரும் என்ற அளவுக்கு உறுதியாக இருந்து, அதை அவரும் உணர்ந்திருந்தால் மட்டுமே உட்கருத்து இருந்ததாக ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) முடிவு செய்யலாம் என்றது சபை. விசாரணை நீதிபதி வெறும் ‘கணிசமான ஆபத்து’ என்று சொல்லி ஜூரியை வழிநடத்தியிருந்தார். அதனால் கொலைத் தீர்ப்பு ரத்தாகி, கொலையைவிடக் குறைந்த குற்றமாக மாறியது. விரும்பாத ஒன்றையும் ஒருவர் உட்கருத்தோடு செய்ததாகச் சொல்ல முடியுமா? அன்றாடப் பேச்சில் இதற்கு ஒரே பதில் கிடைக்காது. தத்துவவாதி ஜெரமி பெந்தாம் காலத்திலேயே, விளைவையே நாடினால் நேரடி உட்கருத்து, நாடாமல் அது வரும் என்று தெரிந்து செய்தால் பக்கவாட்டு உட்கருத்து என்று பிரித்துப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அன்றாடப் பேச்சின் நுட்பத்தைக் குறைவாக எடைபோடவும் கூடாது. தத்துவவாதி ஜே.எல். ஆஸ்டின் 1956-இல் ஒரு சின்னக் கதை சொன்னார். உங்கள் கழுதையும் என் கழுதையும் ஒரே வயலில் மேய்கின்றன. என் கழுதையைச் சுட வேண்டும் என்று குறிபார்த்துச் சுடுகிறேன். விழுந்ததைப் போய்ப் பார்த்தால் உங்கள் கழுதை. இது தவறாக நினைத்துச் செய்தது. இன்னொரு முறை சரியாக என் கழுதையைத்தான் குறிபார்க்கிறேன், சுடும் நொடியில் அது நகர, குண்டு உங்கள் கழுதை மேல் படுகிறது. இது விபத்து. சட்டப் புத்தகம் திறக்காதவருக்கும் இந்த இரண்டும் வேறு என்று தெரியும்.

சாதாரண மக்களின் தீர்ப்பு நம்பத்தக்கதா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்த இடத்தில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. ஜோஷுவா நோப் என்ற தத்துவவாதி 2003-இல் 78 பேரிடம் ஒரு சின்னக் கதையைச் சொல்லிக் கேட்டார். ஒரு நிறுவனத்தின் துணைத் தலைவர் தலைவரிடம் வந்து, புதிய திட்டம் லாபம் தரும், ஆனால் சுற்றுச்சூழலைக் கெடுக்கும் என்கிறார். தலைவரோ, ‘சுற்றுச்சூழலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, லாபம்தான் வேண்டும், தொடங்குங்கள்’ என்கிறார். சுற்றுச்சூழல் கெடுகிறது. தலைவர் அதை வேண்டுமென்றே கெடுத்தாரா என்று கேட்டால் 82 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இன்னொரு குழுவுக்குச் சொன்ன கதையில் ஒரே ஒரு மாற்றம்: திட்டம் சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்யும். தலைவரின் பேச்சு அதேதான், அக்கறை இல்லை, லாபம் போதும். வேண்டுமென்றே நன்மை செய்தாரா என்றால் ஆம் என்றவர்கள் 23 சதவீதம்தான்.

தலைவரின் மனநிலை இரண்டிலும் ஒன்றே. மாறியது விளைவு நல்லதா கெட்டதா என்பது மட்டும். அப்படியானால் ‘வேண்டுமென்றே’ என்று தீர்மானிக்கும்போது நாம் அவர் மனதை மட்டும் பார்க்கவில்லை, அவரைக் குறைசொல்லத் தகுமா என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறோம். சட்டத்துக்கு இது சங்கடமான செய்தி. முதலில் மனநிலை, அதை வைத்துக் குற்றம் என்ற வரிசையைச் சட்டம் நம்பியிருக்கிறது. குற்றம் சாட்டும் ஆசையே மனநிலையை வரைந்துகொடுத்தால் அந்த வரிசை தலைகீழாகிவிடும். சாட்சியமே கேட்காமல், குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்த்தே ‘இவன் தெரிஞ்சேதான் செஞ்சிருப்பான்’ என்று முடிவு கட்டும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நோப்பின் முடிவு ஒரு பகுதி விளக்கம் என்று நினைக்கிறேன். இது மனதின் பிழை இல்லை, அந்தக் கருத்தே அப்படித்தான் அமைந்திருக்கிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், நோப்பும் அந்தப் பக்கம்தான். ஆனால் தண்டனை ஒருவரின் தலைமேல் தொங்கும்போது அந்தப் பதில் எனக்கு ஆறுதல் தரவில்லை.

அப்புறம் 2011-இல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ஆய்வு, மேலே சொன்ன நான்கு படிகளைச் சாதாரண மக்கள் பிரித்தறிகிறார்களா என்று சோதித்தது. நோக்கத்தோடு செய்ததையும் கவனக்குறைவையும் நன்றாகவே பிரித்தார்கள். ‘தெரிந்தே’ என்பதற்கும் ‘ஆபத்து புரிந்தும் துணிந்து’ என்பதற்கும் இடையே தடுமாறினார்கள். அந்த ஒரு கோட்டில் பல ஆண்டுச் சிறை வித்தியாசப்படலாம் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

‘நியாயமான மனிதர்’ என்று சட்டம் சொல்கிறதே, அவர் யார்?

அப்படி ஒருவர் எங்கும் இல்லை. அந்த நிலையில் ஒரு சாதாரண மனிதர் எப்படி நடந்துகொள்வார் என்று பார்க்கச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் அவர். அந்த அளவுகோலை யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் 1949-இல் டஃபி வழக்கு. கணவனிடம் அடிபட்டுவந்த பெண், அவன் படுக்கையில் இருந்தபோது கொன்றார். நீதிபதி டெவ்லின், கொலையைக் குறைந்த குற்றமாக்கும் ஆத்திரமூட்டல் என்ற எதிர்வாதம் எடுபட வேண்டுமானால் சுயகட்டுப்பாட்டைத் திடீரென்று, தற்காலிகமாக இழந்திருக்க வேண்டும் என்று ஜூரிக்குச் சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. கோபம் என்றால் இப்படித்தான்: சட்டென்று மூளும், அந்த நொடியில் கை ஓங்கும், பிறகு ஆறும். கோபத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவு போலத்தான் இது தோன்றும். உண்மையில் உடல்பலம் உள்ளவர் கோபப்படும் விதம் அது. ஆண்டுக்கணக்கில் அடிபட்டவர் அடி விழும் நேரத்தில் திருப்பி அடிக்க முடிந்தவராக இருந்தால் நிலைமை அங்கே போயிருக்காது.

1989-இல் கிரண்ஜித் அலுவாலியா, திருமண வாழ்வில் நீண்டகாலம் கொடுமையை அனுபவித்தபின், தூங்கிக்கொண்டிருந்த கணவன் மேல் தீ வைத்தார். கணவன் இறந்துபோனார். கொலைக்குற்றத் தீர்ப்பு 1992-இல் மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் எந்த அடிப்படையில் என்று கவனிக்க வேண்டும்: ஆத்திரமூட்டல் வாதம் எடுபடவில்லை, பொறுப்பேற்கும் மனத்திறன் குன்றியிருந்தது என்ற அடிப்படையில்தான் மறுவிசாரணைக்கு வழி திறந்தது. அதாவது அவருடைய கோபம் விளங்கக்கூடிய கோபம் என்று ஏற்பதைவிட, அவர் மனம் நலிந்திருந்தது என்று ஏற்பது சட்டத்துக்கு எளிதாக இருந்தது. 2009-இல் நாடாளுமன்றம் ஆத்திரமூட்டல் என்ற பழைய எதிர்வாதத்தை நீக்கிவிட்டு, கட்டுப்பாட்டை இழத்தல் என்ற புதியதைக் கொண்டுவந்தது. அதில் இழப்பு திடீரென்று நிகழ வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

அன்றாட உளவியல் சட்டத்துக்கு அடித்தளம் என்று சொல்பவர்கள், நானும் உட்பட, இந்த வழக்குகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். யாருடைய அன்றாடம் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு அடித்தளத்தைப் பற்றிப் பேச முடியாது.

மூளை ஆய்வு இவ்வளவு வளர்ந்தபின் இந்தப் பழைய கருத்துகள் தேவையா?

தேவையில்லை என்ற வாதம் பலமானது, அதை முழுதாகக் கேட்க வேண்டும். நம்பிக்கை, விருப்பம் என்பதெல்லாம் ஒரு பழங்கோட்பாடு, அது பெரும்பாலும் தவறு, நரம்பியல் அதை ஒருநாள் விலக்கிவிடும் என்று தத்துவவாதி பால் சர்ச்லேண்ட் 1981-இல் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் சோதனை வந்தது. விரும்பும்போது கையை அசைக்கச் சொல்லி, அசைக்க நினைத்த நொடியைக் கடிகாரத்தில் குறிக்கச் சொன்னார்கள். அசைவுக்குச் சுமார் 550 மில்லி விநாடி முன்பே மூளை அலையில் தயாரிப்பு தெரிந்தது, நினைத்ததாக மனிதர் உணர்ந்தது சுமார் 200 மில்லி விநாடி முன்பு. முடிவெடுப்பது நாம் இல்லையோ என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியது. 2004-இல் ஜோஷுவா கிரீனும் ஜோனதன் கோஹனும், சட்டத்தின் வரிகளை நரம்பியல் மாற்றாது, ஆனால் பழிக்குப் பழியாகத் தண்டிக்கும் நம் மனப்பான்மையை அது கரைத்துவிடும் என்றார்கள்.

இந்தக் கூற்றுகளுக்கு நெடுங்காலமாகப் பதில் எழுதிவருபவர் சட்டப் பேராசிரியர் ஸ்டீபன் மோர்ஸ். அவர் சொல்வதன் சாரம்: குற்றம் செய்வது மூளை இல்லை, மனிதர். எல்லாச் செயலுக்கும் மூளையில் காரணம் இருக்கும், இல்லாமல் எப்படிச் செயல் நடக்கும்? காரணம் கண்டுபிடித்துவிட்டதாலேயே மன்னிப்பு வந்துவிடாது. மன்னிப்பு வருவது, அந்த மனிதரால் காரணங்களைப் புரிந்து நடக்க முடியாமல் போனபோதுதான். லிபெட்டின் சோதனையைப் பொறுத்தவரை, காரணமே இல்லாமல் விரலை அசைப்பதற்கும் ஒரு மோசடியை மாதக்கணக்கில் திட்டமிடுவதற்கும் நிறைய தூரம். தவிர, அந்த மூளை அலையை முடிவின் அடையாளமாகவே படிக்க வேண்டியதில்லை என்று ஆரோன் ஷூர்கரும் சகாக்களும் 2012-இல் காட்டினார்கள்.

நான் மோர்ஸ் பக்கம் சாய்வதற்குக் காரணம் வேறொன்று. சட்டம் மனிதரைப் பார்த்துப் பேசும் அமைப்பு. ‘இதைச் செய்யாதே, செய்தால் இன்னது’ என்று அது சொல்வதைக் கேட்டு, புரிந்து, தன் விருப்பத்தோடு ஒப்பிட்டு, நடத்தையை மாற்றிக்கொள்ளும் ஒருவர் எதிரே இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டால்தான் சட்டம் இயற்றுவதற்கே பொருள் உண்டு. நியூரானுக்கு யாரும் சட்டம் போட முடியாது. நம்பிக்கை, விருப்பம், உட்கருத்து என்ற கருத்துகளை எடுத்துவிட்டால் மேம்பட்ட சட்டம் மிஞ்சாது. நிர்வகிக்கப்படும் உடல்கள்தான் மிஞ்சும்.

மூளை ஆய்வு உதவாது என்று அர்த்தம் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் ரோப்பர் வழக்கில், 18 வயதுக்குமுன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்றது. இளையோரின் மூளை வளர்ச்சி பற்றிய சான்றுகளை மருத்துவ, உளவியல் அமைப்புகள் நீதிமன்றத்தின் முன் வைத்தன. தீர்ப்பு எழுதிய நீதிபதி கென்னடி, இளையோருக்கு முதிர்ச்சி குறைவு என்பதற்கு முதலில் சுட்டியது எந்தப் பெற்றோருக்கும் தெரியும் என்பதை, ஆய்வுகள் அதை உறுதிப்படுத்துகின்றன என்பது அதற்கு அடுத்துத்தான் வந்தது. அந்த வரிசை சரியானது என்பேன்.

மனநலம் குன்றியவர், தூக்கத்தில் நடப்பவர் ஆகியோர் விஷயத்தில்?

1843-இல் டேனியல் மெக்நாட்டன், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக்கொன்றார். ஆளும் கட்சி தன்னைத் துரத்துகிறது என்ற மாயநம்பிக்கை அவருக்கு. அவர் விடுவிக்கப்பட்டதும் எழுந்த கொந்தளிப்பில் நீதிபதிகளிடம் விளக்கம் கேட்கப்பட்டு, இன்றுவரை பல நாடுகளில் வாழும் விதி பிறந்தது: மனநோயால், தான் செய்வது என்ன என்றோ அது தவறு என்றோ அறியாத நிலையில் இருந்தாரா? இரண்டுமே அறிவைப் பற்றிய கேள்விகள். அறிந்திருந்தும் தன்னைத் தடுத்துக்கொள்ள முடியாதவருக்கு அந்த விதியில் இடமில்லை. இது அதன் பெரிய குறை.

தூக்கத்தில் நடந்தவர் கதை வேறு. கனடாவில் 1987-இல் பார்க்ஸ் என்பவர் தூக்க நிலையிலேயே சுமார் 23 கிலோமீட்டர் கார் ஓட்டிப்போய் மாமியாரைக் கொன்றார், மாமனாரைக் கடுமையாகக் காயப்படுத்தினார். 1992-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய விடுதலையை உறுதி செய்தது. அங்கே கேள்வி மனம் குற்றமுள்ளதா என்பதற்குப் போகவே இல்லை. அது அவருடைய செயல்தானா என்பதிலேயே நின்றுவிட்டது.

இதெல்லாம் குற்றச் சட்டத்துக்கு மட்டும்தானா?

இல்லை. ‘சட்டம் என்றால் என்ன’ என்ற கேள்விக்குள்ளேயே மனம் வந்துவிடுகிறது. சட்டத் தத்துவவாதி எச்.எல்.ஏ. ஹார்ட் 1961-இல், மக்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வது மட்டும் விதி ஆகிவிடாது என்றார். அதிகாரிகளாவது அதை உள்ளிருந்து ஏற்று, மீறுபவரைக் கண்டிக்க அதையே காரணமாகக் காட்ட வேண்டும். ஏற்பது என்பது ஒரு மனப்பான்மை. வெளியிலிருந்து அசைவுகளை மட்டும் எண்ணுபவருக்கு அது தெரியவே தெரியாது. தத்துவவாதி மைக்கேல் பிராட்மன் உட்கருத்தைத் திட்டமிடுதலோடு சேர்த்து விளக்கியதை எடுத்துக்கொண்டு, சட்டமே ஒரு வகைக் கூட்டுத் திட்டமிடல் என்று ஸ்காட் ஷபிரோ 2011-இல் வாதிட்டார்.

சட்டமன்றத்தின் எண்ணம் என்கிறார்களே, அதற்கு மனம் உண்டா?

தனியாக ஒரு மனம் இல்லை. வாக்களித்த உறுப்பினர்களில் சிலர் மசோதாவைப் படித்தே இருக்கமாட்டார்கள். நூறு பேரின் நூறு எண்ணங்களைக் கூட்டி ஓர் எண்ணம் எடுக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து ஏற்ற நடைமுறையின்படி ஒரு வாசகத்தை நிறைவேற்றினார்கள், அந்த வாசகம் எதற்கு என்று அவையில் பேசப்பட்டது, அவ்வளவுதான் அங்கே இருக்கிறது. அதற்குமேல் ‘சட்டமன்றம் நினைத்தது’ என்று சொல்லப்படும் இடங்களில், நினைத்தவர் பெரும்பாலும் தீர்ப்பு எழுதும் நீதிபதிதான்.

செயற்கை நுண்ணறிவு ஒரு கேடு செய்தால் குற்ற மனம் யாருடையது?

‘அது தப்பா புரிஞ்சிக்கிச்சு’ என்று இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு வசதி. அதன் நடத்தையை முன்கூட்டிச் சொல்ல அந்தப் பேச்சு உதவவும் செய்யும். தண்டனை என்பதன் பொருள் புரிந்து, அதற்குப் பயந்தோ வெட்கப்பட்டோ நடத்தையை மாற்றிக்கொள்ளும் ஒன்றாக அதை நினைக்க இன்று எந்த அடிப்படையும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே கேள்வி மனிதரிடம்தான் திரும்பி வருகிறது. வடிவமைத்தவருக்கு என்ன தெரியும், சோதனையில் எந்தக் கோளாறு கண்ணில் பட்டது, பட்டபின்னும் ஏன் வெளியிட்டார், பயன்படுத்தியவர் எந்த எச்சரிக்கையைத் தள்ளிவைத்தார் என்று விசாரிக்க வேண்டும். மக்கள் தடுமாறிய அதே ‘தெரிந்தே’, ‘துணிந்து’ கோட்டில்தான் இந்த வழக்குகள் பலவும் வந்து நிற்கும். அதை ஜூரிக்கும் நீதிபதிக்கும் விளங்கும் சொற்களில் வரைந்து தரும் வேலை இன்னும் முடியவில்லை.